மண்டபத்தில் தொலையும் 4கே

கல்யாணம் பேசி முடித்த வீட்டார் வீடியோக்காரரிடம் முன்பெல்லாம் ஆல்பத்துக்கு எத்தனை தாள் என்று கேட்பார்கள். இப்போது திருப்பதியிலும் சித்தூரிலும் கேள்வி மாறிவிட்டது: "லைவ் உண்டா? 4கேவா?" பெண்ணின் அண்ணன் டல்லாஸில் இருப்பார். முகூர்த்தம் அவர் வீட்டுப் பெரிய டிவியில் பளிச்சென்று தெரிய வேண்டும். மங்கலான படத்தை எங்கள் ஊர்க் கண்கள் எளிதில் மன்னிப்பதில்லை. தேவஸ்தானத்தின் ஸ்ரீ வேங்கடேஸ்வர பக்தி சேனல் 2008-இல் தொடங்கியதிலிருந்து பிரம்மோற்சவ வாகன சேவையைக் கூடத்தில் உட்கார்ந்தபடி பார்த்துப் பழகிய கண்கள் அவை.

ரேணிகுண்டா, ஏர்ப்பேடு பக்கம் போனால் மின்னணுத் தொழிற்பேட்டைகளில் டிவி செய்கிறார்கள், டிவிக்கான திரைப் பலகைகளும் செய்கிறார்கள். 4கே டிவி உருவாகும் இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் மண்டபத்தில், 4கே கேமராவிலிருந்து 4கே கேப்சர் கார்டு வழியாக லினக்ஸ் கணினிக்குள் வரும் படம் 1080 ஆக நிற்கிறது. அல்லது கறுப்பாக நிற்கிறது. "அன்னா, சிக்னல் லேது" என்று கேமராவில் நிற்கும் பையன் மேடையிலிருந்து கத்துகிறான். இந்தக் கட்டுரை அந்தக் கூச்சலைப் பற்றியது.

வழக்கமாக அடி விழுவது லினக்ஸுக்குத்தான். நான் பார்த்தவரை இந்த வட்டாரத்தில் லினக்ஸுக்கு வந்தவர்கள் கொள்கைக்காக வந்தவர்கள் அல்லர். பழைய கணினி, உரிமக் கட்டணம் இல்லாத இயங்குதளம், காசில்லாமல் கிடைக்கும் ஓபிஎஸ் என்ற ஒளிபரப்பு மென்பொருள், அவ்வளவுதான் காரணம். அதனால் படம் வராவிட்டால் முதலில் எழும் குரல் "விண்டோஸ் போட்டுக்கலாம்" என்பதே. அது முழுக்கத் தப்பும் இல்லை. சில பிசிஐ அட்டைகளுக்கு அவற்றைச் செய்தவர்கள் லினக்ஸ் இயக்கி எழுதவே இல்லை. அப்படிப்பட்ட அட்டையை வாங்கிவிட்டால் வாதாடிப் பயனில்லை. ஆனால் மற்ற இடங்களில் லினக்ஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்குப் பதிலாக நான் சாட்சிக் கூண்டில் ஏற்றுவேன். எங்கே என்ன நடந்தது என்பதை அது எழுதிவைத்திருக்கிறது. நாம்தான் படிப்பதில்லை.

முதலில் கணக்கு. 4கே என்று கடையில் சொல்வது 3840×2160, ஒரு சட்டத்துக்கு (ஃப்ரேமுக்கு) 82,94,400 புள்ளிகள். கேப்சர் கார்டுகள் பெரும்பாலும் புள்ளிக்கு இரண்டு பைட் வீதம் அனுப்பும். அதை ஒய்யூஒய்வி என்ற பெயரில் பட்டியலில் பார்க்கலாம். நொடிக்கு 60 சட்டம் என்றால் ஏறத்தாழ 995 மெகாபைட். 30 என்றால் 498. 25 என்றால் 415. நிறத் தகவலைப் பாதியாகக் குறைத்த என்வி12 வடிவில் புள்ளிக்கு ஒன்றரை பைட். அப்போது 60-க்கு 746, 30-க்கு 373, 25-க்கு 311.

இப்போது வாய்க்காலைப் பாருங்கள். யூஎஸ்பி 3.0-இன் 5 ஜிகாபிட் என்பது பெட்டியில் அச்சிட்ட எண். குறியீட்டுச் செலவு போக 500 மெகாபைட்தான் மிச்சம். நடைமுறையில் 400-ஐ எட்டினாலே பெரிது. பழைய யூஎஸ்பி 2-இல் ஏட்டளவிலேயே 60 மெகாபைட். ஏரி நிறைந்திருந்தாலும் மதகின் அகலம்தான் கடைமடைக்குப் போகும் நீரை முடிவுசெய்யும் என்பது சித்தூர் ஏரிப் பாசனக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 4கே 60-ஐச் சுருக்காமல் யூஎஸ்பி 3.0 வழியாக அனுப்பவே முடியாது. 30-ஐ ஒய்யூஒய்வி-யில் அனுப்ப முடியாது, என்வி12-இல் விளிம்பில் நிற்கும். 25 மட்டும் என்வி12-இல் தாராளமாகப் போகும். இந்தியாவின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இங்கே கேமராக்களைப் பெரும்பாலும் 25-இலும் 50-இலும் ஓட்டுகிறோம். அமெரிக்காவில் 30-ஐ வைத்துக்கொண்டு தவிப்பவருக்கு இல்லாத சலுகை இது. இதை யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. பழக்கதோஷத்தில் 30 அல்லது 60-ஐத் தேர்ந்தெடுக்கிறோம், மண்டபத்து விளக்குகள் படத்தில் துடிக்கின்றன, பிறகு விளக்குக்காரரிடம் சண்டை.

இந்தக் கணக்கு தெரிந்தால் மலிவு விலைக் குச்சிகளின் ரகசியமும் புரிந்துவிடும். "4கே வீடியோ கேப்சர்" என்று எழுதியிருக்கும் விரல் நீளக் குச்சிகளில் பலவற்றின் உள்ளே இருப்பது எம்எஸ்2109 என்ற சில்லு. அது 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும். யூஎஸ்பி 2 வழியாக 1080 ஆகக் குறைத்து, ஜேபெக் படங்களாகச் சுருக்கித்தான் வெளியே தரும். பெட்டியில் எழுதியது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. 4கே உள்ளே போகிறது என்பதுதான் அதன் பொருள். இதே சில்லு ஒலியில் இன்னொரு வேடிக்கை செய்யும்: 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவை 96 கிலோஹெர்ட்ஸ் மோனோ என்று சொல்லிக்கொள்ளும். நாதஸ்வரம் ஒரு பக்கமாகக் கேட்டால் வாசிப்பவரைக் குறை சொல்ல வேண்டாம்.

குச்சி உண்மையில் என்ன தருகிறது என்பதை லினக்ஸில் ஒரே கட்டளையில் தெரிந்துகொள்ளலாம். வி4எல்2-சிடிஎல் என்ற கருவியிடம் வடிவங்களைப் பட்டியலிடச் சொன்னால், எந்த அளவில், எந்த வடிவில், நொடிக்கு எத்தனை சட்டம் என்று வரிவரியாகச் சொல்லிவிடும். அதில் 3840×2160 இல்லையென்றால் ஓபிஎஸ்-இல் எந்தப் பொத்தானை அழுத்தியும் வராது. மணிக்கணக்காக ஓபிஎஸ் அமைப்புகளில் துழாவுபவர்களைப் பார்க்கும்போது, இந்தப் பட்டியலை அச்சடித்து ஒவ்வொரு குச்சியின் பெட்டியிலும் ஒட்டச் சொல்லலாமா என்று தோன்றும்.

யூஎஸ்பி அட்டைகள் பெரும்பாலானவை யூவிசி என்ற பொதுத் தரத்தில் பேசுகின்றன. அதற்கான இயக்கியை லோரன் பின்ஷார் எழுத, அது 2008-இல் லினக்ஸின் கருவான கர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. இவற்றுக்குத் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். ஒன்று மட்டும் குழப்பும்: அட்டை ஒன்றுதான், ஆனால் வீடியோ0, வீடியோ1 என்று இரண்டு முனைகள் தோன்றும். இரண்டாவது படத்துக்கானது அல்ல, படத்தோடு வரும் குறிப்புத் தகவலுக்கானது. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு அட்டை செத்துவிட்டது என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

அடுத்தது பிழைச் செய்தி. யூஎஸ்பி அட்டைகளோடு மல்லுக்கட்டுபவர்களை இதைப்போல ஏமாற்றும் செய்தி வேறில்லை. காணிப்பாக்கம் பக்கம் ஒரு நிச்சயதார்த்தம். இரண்டு கேமரா, இரண்டு குச்சி, ஒரே ஹப். முதல் கேமரா வந்தது. இரண்டாவதைத் திறந்ததும் திரையில் "சாதனத்தில் இடமில்லை" என்ற பொருளில் ஒரு வரி. வட்டு நிரம்பிவிட்டது என்று நினைத்து, பழைய கல்யாணக் கோப்புகளை அரைமணி நேரம் அழித்துக்கொண்டிருந்தேன். 300 ஜிகாபைட் காலியானது. செய்தி மாறவில்லை. அது வட்டைப் பற்றியதே அல்ல. யூஎஸ்பி கன்ட்ரோலரிடம் முன்பதிவு செய்ய பட்டையகலம் மிச்சமில்லை என்பதற்குக் கர்னல் பயன்படுத்தும் அதே பழைய பிழை எண் அது. இரண்டாவது குச்சியைக் கணினியின் பின்பக்கத்தில் வேறொரு கன்ட்ரோலரில் செருகியதும் படம் வந்தது. அழித்த கோப்புகளில் ஒருவருடைய வளைகாப்பு இருந்தது. நல்லவேளை, பிரதி இருந்தது.

எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை மரவடிவில் கேட்டால், எந்தக் கிளையில் எந்தச் சாதனம், எந்த வேகத்தில் என்று தெரியும். 5000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 480 என்று இருந்தால் மேற்கொண்டு தேட வேண்டாம், கம்பியை மாற்றுங்கள். போன் சார்ஜரோடு வரும் டைப்-சி கம்பிகள் பலவும் யூஎஸ்பி 2-க்கானவைதான். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும்.

பிசிஐ அட்டைக்குப் போனால் மதகு அகலமாகிறது, ஆனால் அங்கேயும் ஒரு பொறி உண்டு. இரண்டாம் தலைமுறை பிசிஐ-யில் ஒரு வழித்தடம் 500 மெகாபைட், நான்கு தடம் 2 ஜிகாபைட். 4கே 50-க்கு ஒய்யூஒய்வி-யில் 829 தேவை. விலை குறைந்த மதர்போர்டுகளில் இரண்டாவது நீளமான ஸ்லாட் வெளித்தோற்றத்தில் பதினாறு தடம் போலிருக்கும். உள்ளே ஒரே தடத்துக்குத்தான் கம்பி இழுத்திருப்பார்கள். அட்டை உட்காரும், கணினி அடையாளம் காணும், 1080 அருமையாக ஓடும், 4கே மட்டும் விட்டுவிட்டு வரும். எல்எஸ்பிசிஐ கட்டளையை விரிவாகக் கேட்டால் இணைப்பின் நிலையைச் சொல்லும் வரியில் தடத்தின் எண்ணிக்கையும், "தரம் இறக்கப்பட்டது" என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல்லும் இருக்கும். அதைக் கண்டால் கிராபிக்ஸ் கார்டு இருக்கும் முதல் ஸ்லாட்டை இதற்குக் கொடுப்பதுதான் வழி.

பிளாக்மேஜிக்கின் டெக்லிங்க் அட்டைகள் தனி உலகம். அவை லினக்ஸின் பொது வீடியோ இடைமுகமான வி4எல்2 வழியாகப் பேசுவதில்லை. சொந்த இயக்கி, சொந்த நிரல் நூலகம். வீடியோ0 என்ற முனையைத் தேடிப் பயனில்லை. எஃப்எஃப்எம்பெக் கருவி இவற்றோடு பேச வேண்டுமானால் அதற்கென்று தனியாகத் தொகுக்க வேண்டும். உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து இறக்கியதில் அந்த வசதி இருக்காது, உரிமச் சிக்கல்தான் காரணம். ஓபிஎஸ் பரவாயில்லை, உள்ளே எடுக்கவும் வெளியே அனுப்பவும் டெக்லிங்க் வசதி அதிலேயே இருக்கிறது.

இப்படிக் கர்னலுக்கு வெளியிலிருந்து வரும் இயக்கிகளுக்கு ஒரு பொதுவான நோய் உண்டு. கர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அவற்றை மீண்டும் தொகுக்க வேண்டும். டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு அதைத் தானாகச் செய்யும், செய்யாமலும் விடும். திருப்பதியில் ஒரு மண்டபம், விடியற்காலை நாலரை மணி முகூர்த்தம். முந்தைய இரவு எல்லாம் சரிபார்த்து, கணினியை மண்டபத்து வைஃபையில் விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். தானியங்கிப் புதுப்பிப்பு தன் வேலையைச் செய்தது. மூன்று மணிக்கு மின்சாரம் போய் வந்தது, கணினி புதிய கர்னலில் எழுந்தது, அட்டையைக் காணோம். பழைய கர்னலைத் தொடக்கப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து ஏறியபோது மாப்பிள்ளை மணவறைக்கு வந்துவிட்டிருந்தார். அன்றிலிருந்து நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே கர்னலைப் பூட்டிவைக்கிறேன். கர்னலுக்குப் பொருந்திய பிறகும் இயக்கி ஏறாவிட்டால் செக்யூர் பூட்டைப் பார்க்க வேண்டும். கையொப்பமில்லாத இயக்கியை அது உள்ளே விடாது. கையொப்பச் சாவியைக் கணினியில் பதிந்துகொள்ளலாம். அவசரமென்றால் பயாஸில் அதை அணைத்துவிடலாம்.

இதெல்லாம் கணினிக்கு உள்ளே. ஆனால் என் கணக்கில் பாதிக்கு மேற்பட்ட தொல்லை கணினிக்கு வெளியேதான். கேமராவிலிருந்தே 4கே வருவதில்லை. சில கேமராக்கள் மெமரி கார்டில் 4கே பதியும்போது எச்டிஎம்ஐ வழியாக 1080-ஐத்தான் விடும். மெனுவில் "ஆட்டோ" என்று இருந்தால், எதிர்ப்பக்கத்தில் இருப்பது என்ன கேட்கிறதோ அதைத் தரும். அந்தக் கேள்விக்குப் பெயர் இடிஐடி: திரையோ அட்டையோ தனக்கு எதெல்லாம் ஏற்கும் என்று கேமராவுக்கு அனுப்பும் சீட்டு. நடுவில் ஒரு ஸ்ப்ளிட்டரை வைத்து, ஒரு பக்கம் கார்டும் மறுபக்கம் இயக்குநர் பார்க்கும் சின்ன மானிட்டரும் இணைத்தால், பல ஸ்ப்ளிட்டர்கள் இரண்டுக்கும் பொதுவான சின்ன அளவையே கேமராவுக்குச் சொல்லும். மானிட்டர் 1080 என்றால் கார்டுக்கும் 1080தான். கேமராவை நேரே ஒரு 4கே டிவியில் செருகி, ரிமோட்டில் இன்ஃபோ பொத்தானை அழுத்துவது என் முதல் சோதனை. அங்கே 3840×2160 என்று வராவிட்டால் கணினியைத் தொடவே மாட்டேன்.

கம்பியின் நீளம் இன்னொன்று. மணவறையிலிருந்து மிக்ஸிங் மேசை முப்பது மீட்டர் தள்ளி, சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் இருக்கும். 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 நொடிக்கு 10.2 ஜிகாபிட், 4கே 30 வரை. 2013-இன் 2.0-வில் 18 ஜிகாபிட், 4கே 60. இந்த வேகத்தில் சாதாரணச் செம்புக் கம்பியை ஐந்து மீட்டருக்கு மேல் நம்ப மாட்டேன். நீளத்துக்கு ஒளியிழை எச்டிஎம்ஐ வேண்டும்; அதற்குத் திசை உண்டு, கேமராப் பக்கமும் திரைப் பக்கமும் குறித்திருப்பார்கள், தலைகீழாகப் போட்டால் கறுப்புத்தான். எஸ்டிஐ கேமரா இருந்தால் 6ஜி-யில் 4கே 30 வரையும், 12ஜி-யில் 60 வரையும் ஒரே கோஆக்ஸியல் கம்பியில் போகும். பழைய முறையில் நான்கு 3ஜி கம்பிகளில் பிரித்து அனுப்புவார்கள். அதிலும் இரண்டு வகை: படத்தை நான்கு கட்டமாக வெட்டுவது ஒன்று, புள்ளிகளை மாற்றி மாற்றி நான்கிலும் பரப்புவது மற்றொன்று. அனுப்புகிறவர் ஒன்றும் வாங்குகிறவர் மற்றொன்றுமாக இருந்தால் படம் சிதறும். கல்யாண வேலையில் இது அபூர்வம்.

கறுப்புத் திரைக்கு வேறொரு காரணமும் உண்டு: எச்டிசிபி என்ற பூட்டு. செட்-டாப் பெட்டியிலிருந்தோ ஓடிடி குச்சியிலிருந்தோ படம் எடுக்கப் பார்த்தால் கார்டு எதையும் காட்டாது. அது பழுதல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

படம் வருகிறது, ஆனால் விட்டு விட்டு வருகிறது என்பது தனிப் புகார். திருமலையில் வைகுண்டம் கியூ காம்ப்ளக்ஸில் அறை அறையாகப் பக்தர்களை உட்காரவைத்து, முன்னறை காலியானதும் அடுத்ததைத் திறப்பார்கள். வி4எல்2-இன் பஃபர்களும் அப்படித்தான். இயக்கி ஒரு சட்டத்தை நிரப்பி வைக்கும், மென்பொருள் எடுத்துக்கொண்டு காலி அறையைத் திருப்பித் தரும். திருப்பித் தரத் தாமதித்தால், அடுத்து வரும் சட்டத்துக்கு இடமில்லை. பக்தர்கள் காத்திருப்பார்கள், சட்டம் காத்திருக்காது. அங்கேயே தொலைந்துவிடும். தாமதம் யாருடையது என்று பிரித்தறிய ஒரு நல்ல வழி இருக்கிறது: வி4எல்2-சிடிஎல் கருவியிலேயே படத்தைக் காட்டாமல், பதியாமல், சட்டங்களை வாங்கி எண்ண மட்டும் சொல்லலாம். அங்கே 25 சீராக வந்தால் கேமரா, கம்பி, அட்டை, இயக்கி நான்கும் நிரபராதி. குற்றம் அதற்குப் பிறகு: ஜேபெக்கைப் பிரிக்கத் திணறும் பிராசசர், கிராபிக்ஸ் கார்டின் உதவியின்றி மென்பொருளிலேயே நடக்கும் என்கோடிங், அல்லது வட்டு. சுருக்காத 4கே 25-ஐ ஒரு மணி நேரம் பதிந்தால் ஒன்றரை டெராபைட். சாதாரண ஹார்டு டிஸ்க் அந்த வேகத்தில் எழுதவே எழுதாது.

ஓபிஎஸ்-இல் நான் மிக அதிகமாகக் காணும் தவறு மிக எளியது. கேன்வாஸ் அளவு 1920×1080 என்றே கிடக்கும். கார்டு 4கே தரும், ஓபிஎஸ் அதைச் சுருக்கிக் கேன்வாஸில் ஒட்டும், பிறகு வெளியீட்டில் 2160 கேட்டால் சுருங்கியதை ஊதிப் பெரிதாக்கும். கோப்பின் விவரத்தில் 3840×2160 என்றுதான் இருக்கும். பட்டுப்புடவையின் ஜரிகையைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

புடவை என்றதும் நிறம். எச்டி படத்துக்கு பிடி.709 என்ற நிறக் கணக்கு, பழைய சாதாரணப் படத்துக்கு 601, அதிநுண் படத்துக்கென்று 2012-இல் வகுத்தது 2020. கார்டு ஒன்றைச் சொல்லி, ஓபிஎஸ் வேறொன்றாக எடுத்துக்கொண்டால் அரக்குச் சிவப்பு செங்கல் நிறத்துக்கு நகரும். கறுப்பு சாம்பலாகவோ, தலைமுடி ஒரே மைக்கறையாகவோ தெரிந்தால் அது வீச்சின் சிக்கல்: 0 முதல் 255 வரையா, 16 முதல் 235 வரையா என்பதில் இருவரும் ஒத்துப்போகவில்லை. ஓபிஎஸ்-இல் அந்த மூலத்தின் அமைப்பிலேயே மாற்றலாம். பெண் வீட்டார் படத் துல்லியத்தைக் கவனிக்க மாட்டார்கள், புடவை நிறம் மாறினால் விட மாட்டார்கள்.

வெளியே அனுப்பும் பக்கத்தில் லினக்ஸ் மீது ஒரு நியாயமான புகார் உண்டு. எச்டிஎம்ஐ 2.1-ஐத் திறமூல இயக்கியில் தருவதற்கு ஏஎம்டி எழுதியதை எச்டிஎம்ஐ மன்றம் 2024-இல் ஏற்க மறுத்தது. 4கே 120-க்கு அது இடைஞ்சல். மண்டபத்துக்குத் தேவை 25, மிஞ்சினால் 50, 2.0-வே போதும்.

கடைசியாக எல்இடி சுவர். மேடைக்குப் பின்னால் வாடகைக்கு வைக்கும் சுவரையும் "4கேவாகப் போடுங்கள்" என்று மாமா ஒருவர் எப்போதும் கேட்பார். 3.9 மில்லிமீட்டர் இடைவெளிப் பலகை அரை மீட்டருக்கு அரை மீட்டர், ஒவ்வொன்றிலும் 128×128 புள்ளி. குறுக்கே ஏழு, உயரத்தில் ஐந்து என்று அடுக்கினால் 896×640. 4கே-யை அதற்குள் கொட்டினால் 1080-க்கு மேல் ஒரு புள்ளியும் கூடுதலாகத் தெரியாது. நான் மாமாவிடம் சரி என்று சொல்லிவிட்டு 1080 அனுப்புகிறேன்.

அப்படியானால் 4கே எதற்கு என்று கேட்கலாம். ஒரு 4கே படத்துக்குள் நான்கு 1080 படங்கள் அடங்கும். மணவறைக்கு எதிரே ஆளில்லாமல் ஒரு கேமராவை 4கே 25-இல் நிறுத்திவிட்டு, கேன்வாஸை 1080 ஆக வைத்து, ஓபிஎஸ்-இல் அதே மூலத்தை மூன்று விதமாக வெட்டிவைக்கிறேன்: முழு மேடை, பெண்ணும் மாப்பிள்ளையும், தாலி கட்டும் கை. பொத்தானை மாற்றினால் மூன்று கேமரா நின்றது போலிருக்கும், ஜரிகையும் உடையாது. கூட்டத்தில் இரண்டு ஆளும் முக்காலிகளும் மிச்சம், புரோகிதரும் தோளில் இடிபடாமல் மந்திரம் சொல்கிறார். டல்லாஸுக்குப் போவது 1080தான். படம் நன்றாக இருந்தது என்று போன மாதம்கூட ஒரு பெண்ணின் அண்ணன் போன் செய்தார். 4கேவா என்று அவர் கேட்கவில்லை.